ஆப்பை அழித்தாலும் பணம் போகிறதா? ஆட்டோபேயை நிறுத்தும் வழி

ஒரு ஆப்பை போனிலிருந்து அழித்துவிட்டால் அதற்குக் கட்டும் சந்தாவும் நின்றுவிடும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி நினைப்பதில் தப்பே இல்லை. கடையை விட்டு வெளியே வந்த பிறகும் கடைக்காரர் நம் சட்டைப்பையில் கைவிட்டுப் பணம் எடுப்பார் என்று யார்தான் எதிர்பார்ப்பார்கள்? ஆனால் "ஒரு ரூபாய்க்கு ஏழு நாள்" என்று ஆரம்பித்தீர்களே, அன்றைக்கு நீங்கள் போட்ட யுபிஐ பின் அந்த ஒரு ரூபாய்க்கு மட்டும் போட்டதல்ல. இனி மாதாமாதம் என் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று வங்கிக்குக் கொடுத்த அனுமதி அது. அதைத்தான் மேண்டேட் என்கிறார்கள், அதன்படி பணம் தானாகப் போவதுதான் ஆட்டோபே. அது அந்த ஆப்புக்குள் இல்லை, உங்கள் வங்கிக் கணக்கோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதனால் ஆப்பை அழித்தாலும் போனையே மாற்றினாலும் அது பாட்டுக்கு இருந்துகொண்டே இருக்கும்.

இதில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, வெளியேறும் வழியை அந்த நிறுவனம் கட்டிய திரைக்குள் தேடி நேரத்தைத் தொலைக்க வேண்டாம் என்பதுதான். அங்கே நீங்கள் தொலைய வேண்டும் என்றே கட்டியிருப்பார்கள். வழி இருப்பது உங்கள் யுபிஐ ஆப்பில், வங்கிப் பக்கத்தில். அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

"தொலைய வேண்டும் என்றே" என்று சொல்வதை மிகையாக நினைக்காதீர்கள். அமெரிக்காவின் எஃப்டிசி என்ற அரசு ஆணையம் 2023 ஜூனில் அமேசான் மீது வழக்குப் போட்டபோது, பிரைம் சந்தாவை ரத்து செய்ய நான்கு பக்கங்கள், ஆறு கிளிக்குகள், பதினைந்து தேர்வுகள் என்று வரிசையாக எடுத்து வைத்தது. சேர்வதற்கோ ஒன்றிரண்டு கிளிக் போதும். 2025 செப்டம்பரில் அமேசான் 250 கோடி டாலருக்கு அந்த வழக்கைச் சமரசம் செய்துகொண்டது, அதில் 150 கோடி வாடிக்கையாளர்களுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம். ஜெர்மனியிலோ 2022 ஜூலை 1 முதல், இணையத்தில் சந்தா விற்கும் நிறுவனம் ரத்து செய்வதற்கான பட்டனையும் தன் தளத்தில் கண்ணில் படும்படி வைத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். ஆக, அந்த பட்டனை வைக்கத் தொழில்நுட்பத்தில் எந்தத் தடையும் இல்லை. வைப்பதா ஒளிப்பதா என்று ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்து யாரோ முடிவு செய்கிறார்கள், அதற்கான காசு பூக்கடை வைத்திருப்பவரின் கணக்கிலிருந்தும் பென்ஷன் வாங்குபவரின் கணக்கிலிருந்தும் போகிறது.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் என்னென்ன ஓடிக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கூகுள் பேயில் மேலே உங்கள் படத்தைத் தொட்டால் வரும் பக்கத்தில் ஆட்டோபே என்று இருக்கும். போன்பேயிலும் அதே மாதிரி உங்கள் படத்தைத் தொட்டு உள்ளே போய் ஆட்டோபே என்பதைத் தேடுங்கள். பேடிஎம்மில் யுபிஐ செட்டிங்ஸ் பகுதிக்குள் இருக்கும், பீமில் மேண்டேட் அல்லது ஆட்டோபே என்று இருக்கும். இந்த மெனுக்களை அடிக்கடி இடம் மாற்றுகிறார்கள், அதனால் நான் சொன்ன இடத்தில் இல்லை என்றால் பதற வேண்டாம், ஆப்பின் தேடல் பெட்டியில் ஆட்டோபே என்று ஆங்கிலத்தில் அடித்தால் பெரும்பாலும் வந்துவிடும். இந்த நாட்டில் நடக்கும் யுபிஐ பரிவர்த்தனைகளில் ஏறக்குறைய எண்பது சதவீதம் போன்பே, கூகுள் பே என்ற இரண்டே ஆப்களின் வழியாகப் போகிறது. எந்த ஒரு ஆப்பும் முப்பது சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று யுபிஐயை நடத்தும் என்பிசிஐ 2020 நவம்பரில் சொன்னது, அதன் கெடுவைத் தள்ளித் தள்ளி இப்போது 2026 டிசம்பர் வரை கொண்டுவந்திருக்கிறார்கள். இதனால் நமக்கு என்ன என்று கேட்கலாம். அந்த இரண்டு நிறுவனங்களும் ஆட்டோபே பட்டியலை முகப்பில் வைப்பதா, நாலு படி உள்ளே வைப்பதா என்று எடுக்கும் ஒரு முடிவு கோடிக்கணக்கான பேரின் பணத்தைப் பாதிக்கிறது. அவ்வளவு பேரும் அந்த முடிவைக் கேள்வி கேட்க இடமே இல்லை.

ஒன்றுக்கு மேற்பட்ட யுபிஐ ஆப் வைத்திருந்தால் எல்லாவற்றிலும் பார்க்க வேண்டும். ஒரு ஆப்பின் யுபிஐ ஐடியில் போட்ட மேண்டேட் இன்னொரு ஆப்பின் பட்டியலில் தெரியாமல் போகலாம். எந்த ஆப்பில் இருந்தாலும் எல்லா மேண்டேட்டையும் பார்க்கும் வசதியைக் கொண்டுவரச் சொல்லி என்பிசிஐ 2025 அக்டோபரில் சுற்றறிக்கை விட்டது, உங்கள் ஆப்பில் அது வந்திருந்தால் வேலை சுலபம். வரவில்லையா, முன்பு எப்போதோ வைத்திருந்து அழித்த யுபிஐ ஆப்பைக்கூட மறுபடி இறக்கி, அதே நம்பரில் உள்ளே போய்ப் பாருங்கள்.

அதோடு நிறுத்தாமல் வங்கி ஸ்டேட்மென்ட்டையும் ஒரு ஆறு மாதத்துக்கு எடுத்துப் பாருங்கள். மேண்டேட், ஆட்டோபே, நாச், ஏசிஹெச், எஸ்ஐ என்ற எழுத்துகள் உள்ள வரிகள்தான் தானாகப் போன பணம். இங்கே ஒரு சிக்கல் உண்டு: ஸ்டேட்மென்ட்டில் ஆப்பின் பெயர் இல்லாமல் அதை நடத்தும் கம்பெனியின் பெயரோ, இடையில் பணம் வாங்கிக் கொடுக்கும் பேமென்ட் கேட்வேயின் பெயரோ இருக்கலாம். என் பெரியம்மாவுக்கு இப்படித்தான் ஒரு ஜாதக ஆப்புக்கு மாதாமாதம் பணம் போய்க்கொண்டிருந்தது. வரியில் இருந்த பெயரை அவர் கேள்விப்பட்டதே இல்லை. வங்கியே ஏதோ பிடித்தம் செய்கிறது என்று நினைத்து யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். ஒரே தொகை, ஏறக்குறைய ஒரே தேதியில், திரும்பத் திரும்பப் போகிறதா என்று பாருங்கள், பெயரை நம்பாதீர்கள்.

இப்போது ரத்து. யுபிஐ ஆப்பின் பட்டியலில் அந்த மேண்டேட்டைத் தொட்டால் எவ்வளவு தொகை, எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்தத் தேதி வரை என்று விவரம் வரும். ரத்து செய்வதற்கு முன் அந்தப் பக்கத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் யுஎம்என் என்று ஒரு நீளமான எண் இருக்கும், அதுதான் அந்த மேண்டேட்டின் அடையாளம், பின்னால் புகார் கொடுக்கும்போது அது இல்லாமல் வங்கிக்காரர்களிடம் பேசுவது கஷ்டம். அப்புறம் கேன்சல் அல்லது ரிவோக் என்பதை அழுத்துங்கள். பக்கத்திலேயே பாஸ் என்று ஒன்று இருக்கும், அது தற்காலிகமாக நிறுத்துவது மட்டும்தான், அதைத் தொட்டுவிட்டு முடிந்தது என்று நினைக்க வேண்டாம். ரத்து செய்யவும் யுபிஐ பின் கேட்கலாம், பயப்பட வேண்டாம், ஆனால் பின் போடும் முன் மேலே எழுதியிருப்பது ரத்துக்குத்தானா என்று ஒருமுறை படித்துவிடுங்கள். முடிந்ததும் எஸ்எம்எஸ் வரும். அதை அழிக்காதீர்கள்.

பணம் எடுக்கும் தேதி வரை காத்திருக்கவும் வேண்டாம். ஆர்பிஐ (ரிசர்வ் வங்கி) விதிப்படி தானாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்னால் உங்களுக்கு எஸ்எம்எஸ் அல்லது மெயிலில் அறிவிப்பு வர வேண்டும், யாருக்கு, எவ்வளவு, எப்போது, எதற்கு என்று அதில் இருக்க வேண்டும், வேண்டாம் என்று விலகும் வழியும் இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு வரும் விளம்பர எஸ்எம்எஸ்களுக்கு நடுவே அந்த ஒன்று புதைந்து போய்விடுகிறது என்பதுதான் நிஜம். முடிந்தால் உங்கள் வங்கி எந்தப் பெயரில் எஸ்எம்எஸ் அனுப்புகிறதோ அதை மட்டும் மேலே பின் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

மேண்டேட்டை வங்கிப் பக்கம் அறுத்த பிறகு, ஆப்பின் உள்ளேயும் போய் சந்தாவை ரத்து செய்துவிடுவது நல்லது. பணம் நின்றாலும் அவர்கள் கணக்கில் நீங்கள் சந்தாதாரராகவே இருக்கலாம், பிறகு "உங்கள் பேமென்ட் தோல்வியடைந்தது, சரி செய்யுங்கள்" என்று அறிவிப்பு மேல் அறிவிப்பாக வரும், அதைத் தொட்டு அவசரத்தில் பின் போட்டால் புது மேண்டேட் பிறந்துவிடும். உள்ளே ரத்து செய்யப் போகும்போது வரும் பக்கங்களை நிதானமாகப் படியுங்கள். "நிச்சயமாகப் போகிறீர்களா", "இத்தனை சலுகைகளை இழக்கிறீர்கள்", "பாதி விலைக்குத் தருகிறோம்" என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும், ஒவ்வொன்றிலும் பெரிதாகக் கலர் அடித்து இருக்கும் பட்டன் உங்களை உள்ளேயே வைக்கும், வெளியே விடும் பட்டன் சாம்பல் நிறத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். சாம்பல் எழுத்தைத் தேடுங்கள், கடைசியில் ரத்து செய்யப்பட்டது என்று தெளிவாக வரும் வரை வெளியே வராதீர்கள்.

யுபிஐ இல்லாமல் வேறு வழியில் போகும் பணமும் உண்டு. பிளே ஸ்டோர் வழியாகச் சந்தா எடுத்திருந்தால் பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் உள்ளே போய் ரத்து செய்ய வேண்டும், ஐபோனில் செட்டிங்ஸில் உங்கள் பெயரைத் தொட்டால் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் இருக்கும். கார்டில் போட்டிருந்தால் நெட் பேங்கிங்கில் கார்டு பகுதியில் இ-மேண்டேட் அல்லது ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் என்று தேடுங்கள். நாச் மேண்டேட் (தவணை, பிரீமியம் போன்றவற்றை வங்கிக் கணக்கிலிருந்து நேராக எடுக்கக் கொடுத்த அனுமதி) என்றால் நெட் பேங்கிங்கில் ரத்து செய்யும் வசதி இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் கிளைக்கே போய் எழுதிக் கொடுத்துவிட்டு, கொடுத்ததற்கு நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.

கவனம் ஒன்று: கடன் தவணைக்குக் கொடுத்த மேண்டேட்டை இந்த வேகத்தில் சேர்த்து அறுத்துவிடாதீர்கள். மேண்டேட் போனால் கடன் போகாது, தவணை தவறியதாகப் பதிவாகி வட்டியும் அபராதமும் ஏறும், கிரெடிட் ஸ்கோரும் விழும். இன்சூரன்ஸ் பிரீமியமும் அப்படித்தான், கட்டாமல் விட்டால் பாலிசியே காலாவதியாகலாம்.

போன பணம் திரும்புமா?

இதில் நேராகச் சொல்லிவிடுகிறேன், எல்லாப் பணமும் திரும்பாது. வங்கியில் போய்க் கேட்டால் "நீங்களே பின் போட்டிருக்கிறீர்கள்" என்பார்கள். உங்களுக்குத் தெரியாமல் நடந்த பரிவர்த்தனைக்கு ஆர்பிஐ கொடுத்திருக்கும் பாதுகாப்பு, நீங்கள் பின் போட்டு ஒத்துக்கொண்ட மேண்டேட்டுக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் மூன்று இடங்களில் உங்கள் கை ஓங்கியிருக்கும். ரத்து செய்த பிறகும் பணம் எடுத்திருந்தால் ஒன்று. முன்னறிவிப்பே வராமல் எடுத்திருந்தால் இரண்டு. மூன்றாவதுதான் நிறைய பேருக்குத் தெரியாதது: இலவசம் என்று சொல்லி, அதைப் பெறுவதற்கே பேமென்ட் விவரத்தையோ ஆட்டோ டெபிட் அனுமதியையோ கட்டாயப்படுத்தி வாங்கியிருந்தால், அதுவே இந்தியாவில் தடை செய்யப்பட்ட நடைமுறை.

2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் "டார்க் பேட்டர்ன்" எனப்படும் ஏமாற்று வடிவமைப்புகளைத் தடுக்கும் வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. ஹாரி பிரிக்னல் என்ற பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் 2010இல் இந்தப் பெயரை வைத்தார். ஆணையம் பதின்மூன்று வகைகளைப் பட்டியல் போட்டிருக்கிறது, அதில் ஒன்று சந்தாப் பொறி. ரத்து செய்வதைச் சிக்கலாக்குவது, ரத்து செய்யும் வழியை ஒளிப்பது, இலவசச் சந்தாவுக்கு ஆட்டோ டெபிட் அனுமதியைக் கட்டாயமாக்குவது எல்லாம் அதற்குள் வரும். 2025 ஜூனில், எல்லா இணைய வணிகத் தளங்களும் மூன்று மாதத்துக்குள் தங்களைத் தாங்களே தணிக்கை செய்து இவை இல்லை என்று உறுதிப்படுத்தச் சொல்லி ஆணையம் அறிவுறுத்தியது. தப்பு செய்தவனையே தணிக்கை செய்யச் சொன்னால் எவ்வளவு நடக்கும் என்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் விதி எழுத்தில் இருக்கிறது, புகாரில் அதைப் பெயர் சொல்லி எழுதினால் பதில் சொல்பவர்களின் தொனி மாறும்.

முதலில் அந்த ஆப்பின் கஸ்டமர் கேருக்கு மெயில் போடுங்கள். சாட்டில் பேசினால் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், போனில் பேசினால் பேசி முடித்த கையோடு "இன்று உங்களிடம் பேசினேன், இன்னார் இப்படிச் சொன்னார்" என்று மெயிலிலும் எழுதுங்கள். எப்படி எழுதுவது என்று தயங்குபவர்களுக்கு இந்த மாதிரி போதும்:

"உங்கள் ஆப்பில் ஒரு ரூபாய் சோதனைச் சந்தா என்று காட்டப்பட்டதை நம்பி இந்தத் தேதியில் சேர்ந்தேன். மாதாமாதம் பணம் எடுக்கப்படும் என்பது தெளிவாகச் சொல்லப்படவில்லை. இந்தத் தேதிகளில் இந்தத் தொகைகள் என் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டுள்ளன. மேண்டேட் எண் இது. இது 2023ஆம் ஆண்டின் டார்க் பேட்டர்ன் தடுப்பு விதிகளில் சந்தாப் பொறி என்று சொல்லப்பட்டதன் கீழ் வருகிறது. மேண்டேட்டை ரத்து செய்துவிட்டேன். எடுத்த தொகையை ஏழு நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும், இல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி மையத்திலும் நுகர்வோர் ஆணையத்திலும் புகார் செய்வேன்."

கோபத்தைக் காட்ட வேண்டாம், தேதியும் தொகையும் எண்ணும்தான் அங்கே பேசும். தமிழில் எழுதலாம், ஆங்கிலம் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கீழே ஆங்கிலத்திலும் சேர்த்துவிடுங்கள். சின்னத் தொகை என்றால் நிறைய கம்பெனிகள் இந்தக் கட்டத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடும், ஏனென்றால் அவர்கள் நம்பியிருப்பது யாரும் கேட்க மாட்டார்கள் என்பதைத்தான்.

பதில் இல்லையா, 1915. தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் எண், தமிழிலும் பேசலாம். புகாரைப் பதிந்து கம்பெனிக்கு அனுப்புவார்கள், எண் ஒன்று தருவார்கள், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ரத்து செய்த பிறகும் வங்கி பணத்தை விட்டிருந்தால் அது வங்கியின் தப்பு, வங்கியில் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதிலில் திருப்தி இல்லாவிட்டாலோ ஆர்பிஐயின் ஒம்புட்ஸ்மேன் என்ற குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனில் இலவசமாகப் புகார் செய்யலாம், விவரம் கேட்க 14448. இதில் 1930 எங்கே வருகிறது என்று சிலர் குழம்புகிறார்கள். அது சைபர் மோசடிக்கானது. யாரோ ஓடிபி வாங்கி ஏமாற்றினார்கள், போலி ஆப் பணத்தைச் சுருட்டியது என்றால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 1930. சந்தா விவகாரத்துக்கு 1915.

அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனி பெங்களூரில் இருந்தாலும் குர்கானில் இருந்தாலும் அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை, நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பிரச்சனை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நானூறு ரூபாய்க்காக யார் ஆணையத்துக்குப் போவார் என்று கேட்பது நியாயம்தான், ஆனால் அதே நானூறை ஒரு லட்சம் பேரிடம் எடுத்தால் நாலு கோடி. போக முடிந்தவர்கள் ஒரு சிலராவது போக வேண்டும் என்பது என் ஆசை.

அடுத்த முறை பின் போடும் முன்

யுபிஐ ஒப்புதல் பக்கத்தில் நான்கு விஷயம் இருக்கும், அதை மட்டும் பாருங்கள்: தொகை, எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்தத் தேதி வரை, அதிகபட்சம் எவ்வளவு. ஒரு ரூபாய் என்று விளம்பரம் செய்த ஆப்பின் ஒப்புதல் பக்கத்தில் அதிகபட்சம் ஐயாயிரம் என்று இருந்தால், நாளைக்கு அவர்கள் விலையைக் கூட்டும்போது அந்த வரம்புக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்க இடம் கொடுக்கிறீர்கள். சந்தா மாதிரியான கட்டணங்களுக்கு ஒரு முறைக்கு 15,000 ரூபாய் வரை மறுபடி பின் கேட்காமலே எடுக்கலாம். முன்பு அந்த வரம்பு 5,000, 2022 ஜூனில்தான் உயர்த்தினார்கள். பேமென்ட் என்று வராமல் மேண்டேட், ஆட்டோபே, செட் அப் என்ற வார்த்தைகள் கண்ணில் பட்டாலே கையை நிறுத்துங்கள். அந்தச் சேவை நிஜமாகவே வேண்டுமென்றால் மூன்று மாதத்துக்கோ ஒரு வருடத்துக்கோ ஒரே தடவையாகக் கட்டும் வழி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், மேண்டேட் இல்லாமல் கட்டும் வழியைச் சில ஆப்கள் வைத்திருக்கின்றன.

யுபிஐக்கென்று ஒரு தனி சேமிப்புக் கணக்கு வைத்து, அதில் மாதச் செலவுக்கான பணத்தை மட்டும் போட்டு வைப்பது இன்னொரு நல்ல பழக்கம். சம்பளமும் பென்ஷனும் வரும் கணக்கு யுபிஐயோடு இணையாமல் இருக்கட்டும். ஆனால் அந்தத் தனிக் கணக்கில் மினிமம் பேலன்ஸ் எவ்வளவு என்று வங்கியில் கேட்டுவிட்டுத் திறங்கள்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அப்பா அம்மாவின் போனை வாங்கி, அவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்து, ஆட்டோபே பட்டியலைத் திறந்து காட்டுங்கள். நீங்களே எல்லாவற்றையும் அழுத்திவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு பெயரையும் படித்து இது வேண்டுமா என்று கேளுங்கள், ரத்து பட்டனை அவர்களையே அழுத்த விடுங்கள். ஏதாவது தப்பாகப் போயிருந்தால் "ஏன் இதைத் தொட்டீங்க" என்று மட்டும் கேட்காதீர்கள், கேட்டால் அடுத்த முறை பணம் போகும்போது உங்களிடம் சொல்ல மாட்டார்கள். 1915ஐ அவர்கள் போனில் நுகர்வோர் புகார் என்ற பெயரிலும், 1930ஐ பண மோசடி என்ற பெயரிலும் தமிழில் சேமித்து வையுங்கள்.